ஏற்காட்டு ராத்திரிக்கு டென்டா, ஹாமக்கா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல முதுகுச் சுமைய எப்படிக் கொறைக்கிறதுன்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ராத்திரி எதுல படுக்கிறது, டென்ட்லயா, இல்ல ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்கவிடற துணிப் படுக்கையான ஹாமக்லயா. எல்லாரும் ஏற்காடு இருக்கிற நம்ம சேர்வராயன் மலைய வெச்சே கேட்டிருக்கீங்க, அதனால இந்தத் தடவ முழுக்க அதுதான்.

கேள்வி: அண்ணா வணக்கம், சேலம் அஸ்தம்பட்டி. நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் டிசம்பர் லீவுல அடிவாரத்துலேர்ந்து நடந்தே மேல போயி ரெண்டு ராத்திரி தங்கலாம்னு இருக்கோம். நாகலூர் பக்கம் ஃப்ரெண்டோட மாமாவுக்கு ஒரு காப்பி எஸ்டேட் இருக்கு, தாராளமா வந்து தங்குங்கன்னு சொல்லிட்டாரு. என்கிட்ட இருக்கிற டோம் டென்ட் மூணு கிலோ. ஹாமக் அரைக் கிலோதான்னு எல்லாரும் சொல்றாங்க. டென்ட்ட வித்துட்டு ஹாமக் வாங்கிடவா?

பதில்: விக்காதீங்க தம்பி, மொதல்ல ஒரு தராசு எடுங்க. அரைக் கிலோங்கிறது வெறும் துணி. மரத்தைச் சுத்திக் கட்ற பட்டை ரெண்டும் சேர்ந்து கால் கிலோ வரும், மேல மழைக்குக் கூரை மாதிரிக் கட்ற டார்ப் அரைக் கிலோ, கொசுவலை ஒரு கால் கிலோ, அடில போட ஃபோம் மேட் 350 கிராம்னு வெச்சுக்கங்க, கூட்டினா ஒரு ஆளுக்கு 1.85 கிலோ ஆச்சு. உங்க டென்ட்ட ரெண்டு பேரு பிரிச்சுத் தூக்கினா, ஒருத்தர் துணி ஒருத்தர் கம்பின்னு, ஆளுக்கு ஒன்றரை, அதோட அதே ஃபோம் மேட், அதுவும் 1.85தான். ஹாமக்கப் பிரிச்சுத் தூக்க முடியாது, ஆளுக்கு ஒன்னு வேணும். தனியா போற ஆளுக்கு ஹாமக்ல எடை மிச்சமாகும், ஜோடியா போறவங்களுக்குப் பெருசா ஒன்னும் மிச்சமாகாது. நீங்க மூணு பேரு, டென்ட் ரெண்டு பேர் டென்ட்டுன்னா மூணாவது ஆளுக்கு மட்டும் ஹாமக் வாங்கறதுல அர்த்தம் இருக்கு.

ஆனா எடைய வெச்சு இத முடிவு பண்ணாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், எந்த எடத்துல படுக்கப் போறீங்கங்கறதுதான் முடிவு பண்ணணும். காப்பி எஸ்டேட்டுக்குள்ள ஹாமக் கட்றது வெளிய இருந்து பார்க்க ரொம்ப சுலபமாத் தெரியும், எங்க பார்த்தாலும் நெழலுக்கு வெச்ச சில்வர் ஓக் மரம் நேரா நிக்குது, எடைவெளியும் சரியா இருக்குன்னு தோணும். கிட்டப் போயிப் பாருங்க. மரத்தைச் சுத்தி மிளகுக் கொடி ஏறியிருக்கும், கணுவுக்குக் கணு சின்னச் சின்ன வேர் விட்டு மரத்தோட தோலைக் கவ்விப் பிடிச்சிருக்கும், டிசம்பர்ல அதுல பச்சை மிளகு சரம் சரமாத் தொங்கும். அதுமேல ஹாமக் கட்ற பட்டையச் சுத்தி எழுபது கிலோ ஆள் ராத்திரி முழுக்கத் தொங்கினா கொடி நசுங்கிப் பிஞ்சிடும், அந்தக் கொடி அப்படி வளர பல வருஷம் ஆகியிருக்கும். அது மாமாவோட வருமானம். கொடி இல்லாத ரெண்டு மரம் கெடச்சாலும் நடுவுல காப்பிச் செடி நிக்கும், பழம் சிவந்து பறிப்பு நடக்குற நேரம் வேற. 1820கள்ல கலெக்டரா இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி இங்க நெழல் மரத்துக்குக் கீழதான் வளருது, வெறும் எடம்னு எஸ்டேட்ல எதுவும் கெடையாது. வண்டிப் பாதை ஓரம், பங்களா பின்னாடி, கொடி ஏறாத மரம் இருக்கிற எடம், இதுல எது ஆகும்னு மாமாவையோ மேஸ்திரியையோ கேட்டு அவங்க காட்ற மரத்துல மட்டும் கட்டுங்க.

இன்னொன்னு, சில்வர் ஓக் காத்துக்குக் கிளை முறியிற மரம். காய்ஞ்ச கிளை மேல தொங்குதான்னு பகல்லயே அண்ணாந்து பார்த்துக்கணும், இது டென்ட்டுக்கும் சேர்த்துத்தான்.

டென்ட் போட எஸ்டேட்ல சமதளம்னா காப்பி காய வைக்கிற களம்தான் ஞாபகத்துக்கு வரும். டிசம்பர்ல அது நிறைய காப்பி காயும், கேக்காதீங்க. பறிப்பு இல்லாத மாசத்துல போனா களம் அருமையான எடம், ஆனா சிமெண்ட் தரைல ஆணி எறங்காது. அங்க உங்க பழைய டோம் டென்ட் தானா நிக்கும், நாலு மூலைலயும் கல்லு வெச்சுக் கட்டினாப் போதும். இப்ப எல்லாரும் ஆசைப்படற ஒரு கிலோ டென்ட், வாக்கிங் ஸ்டிக்க நட்டு இழுத்துக் கட்றது, அது ஆணி இல்லாம தானா நிக்காது. இதுக்காகவே அந்த டோம் டென்ட்ட வெச்சுக்கங்கன்னு சொல்றேன்.

கடைசியா குளிரு. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் ஒசரம், டிசம்பர் ஜனவரில ராத்திரி 12, 13 டிகிரி வரைக்கும் எறங்கும். ஹாமக்ல குளிரு அடில இருந்து வரும். ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள உப்பியிருக்கிற பஞ்சுல அடங்கின காத்துதான் நம்ம சூட்டைக் காப்பாத்துது, முதுகுக்கு அடில அது நசுங்கிப் போயிடும், அதுக்குக் கீழ ஒரு துணிதான், அதுக்கும் கீழ காத்து ஓடிட்டே இருக்கும். மேல எவ்வளவு போர்த்தினாலும் முதுகு மட்டும் ஜில்லுனு இருக்கும், மூணு மணிக்கு எழுந்து உக்காந்திருப்பீங்க. அதனால ஃபோம் மேட் இல்லாம டிசம்பர்ல ஹாமக்ல படுக்கவே கூடாது, அதுவும் தோள் ரெண்டும் மேட்டுக்கு வெளிய போகாத அளவுக்கு அகலமா வேணும். ரெட்டைத் துணி ஹாமக்கா இருந்தா மேட்ட ரெண்டு துணிக்கும் நடுவுல சொருகிடுங்க, நழுவாது.

கேள்வி: சார், நாங்க அம்மாபேட்டைல ஒரு செட். ஹாமக் தொய்வா இருந்தா இடுப்பு மடங்குமேன்னு நல்லா இறுக்கி நேரா கட்டினோம், ஒருத்தன் ஏறினதும் கொக்கி உடைஞ்சு கீழ விழுந்துட்டான், நல்லவேள அடி இல்ல. அவன் 70 கிலோதான், கொக்கி 150 கிலோ தாங்கும்னு போட்டிருந்துச்சு. மட்டமான சாமானா?

பதில்: சாமான் மட்டமா இல்லாமலும் இருக்கலாம், கட்டின கோணம்தான் உடைச்சிருக்கு. பட்டை மரத்துலேர்ந்து 30 டிகிரி சாய்வா எறங்கினா 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை வரும். அதையே இறுக்கி 10 டிகிரிக்குக் கொண்டுவந்தா ஒவ்வொரு பக்கமும் 200 கிலோவைத் தாண்டிடும், ஆள் அதே ஆள்தான். 150 கிலோ கொக்கி எப்படி நிக்கும்? இன்னும் நேரா கட்டினா இன்னும் ஏறும், மரத்தோட பட்டையையும் அறுக்கும்.

கோணம் அளக்க ஒன்னும் வேணாம், பட்டை ரெண்டு அடி தள்ளி வரும்போது ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடக் கீழ எறங்கியிருக்கணும், அதுதான் 30 டிகிரி. குழந்தைக்குத் தூளி கட்டுற மாதிரி நல்லா தொங்கலா இருக்கணும். மரத்துக்கு மரம் 12லேர்ந்து 15 அடி, மரம் ஒரு சாணாவது கனம், பட்டை ஒரு இன்ச்சுக்குக் கொறையாத அகலம். வெறும் கயித்தை மரத்துல சுத்தாதீங்க, அது மரத்தைத் தின்னுடும். உக்காந்தா தரைலேர்ந்து ஒன்றரை அடி, அதுக்கு மேல ஒசரம் வேணாம்.

இடுப்பு மடங்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கு மருந்து இறுக்கறது இல்லைங்க, குறுக்கா படுக்கறது. தொங்கலா கட்டிட்டு தலைய ஒரு பக்கமாவும் கால எதிர்ப் பக்கமாவும் சாய்ச்சு மூலைவாட்டா படுத்துப் பாருங்க, துணி அப்படியே விரிஞ்சு முதுகு கிட்டத்தட்ட நேரா வந்துடும். நேரா நீட்டிப் படுத்தா எந்த ஹாமக்கும் வாழப்பழ மாதிரிதான் வளைக்கும். இதுக்கு ஹாமக் 10, 11 அடி நீளம் வேணும், பார்க்குல ஆடறதுக்குன்னு விக்கிற 8, 9 அடி சாமான்ல மூலைவாட்டா படுக்க எடமே பத்தாது. ஒவ்வொரு தடவையும் தொங்கல் ஒரே மாதிரி வரணும்னா ரெண்டு முனைக்கும் நடுவுல மேல ஒரு மெல்லிசு கயிறு கட்டிடுங்க, ஹாமக் நீளத்துல 83 சதவீதம், அதாவது 11 அடிக்கு 9 அடி சொச்சம். அந்தக் கயிறு இறுகி நிக்கிற அளவுக்கு மரத்துல கட்டினாப் போதும், மரம் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் படுக்கை மாறாது.

கேள்வி: ஓமலூர்லேர்ந்து எழுதறேன். வயசு 52, முட்டி வலி உண்டு, இடுப்பும் அப்பப்ப பிடிக்கும். பசங்களோட மலைக்குப் போறப்ப தரைல படுத்து எந்திரிக்கறதே பெரும் பாடா இருக்கு. எனக்கு ஹாமக் ஒத்துவருமா?

பதில்: உங்களுக்கு ஒத்துவர வாய்ப்பு அதிகம்ங்க அக்கா, ஆனா மலைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு ராத்திரி முழுசா படுத்துப் பாருங்க. தரைலேர்ந்து எழுந்திருக்க முட்டிய மடக்கணும், ஹாமக்ல நாற்காலிலேர்ந்து எழுந்திருக்கற கணக்குத்தான். படுத்ததும் முட்டி பின்பக்கமா வளையற மாதிரி சிலருக்கு இழுக்கும், அதுக்கு ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடில வெச்சுக்கங்க. குப்புறப் படுத்தாத்தான் தூக்கம் வரும்னா ஹாமக் வேணாம், முடியவே முடியாது. ஒருக்களிச்சுப் படுக்கறவங்க பழகிக்கலாம். ராத்திரி அடிக்கடி எழுந்து போகணும்னா கால் விடற எடத்துல செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும், செருப்பை உதறிட்டுப் போடுங்க.

கேள்வி: குடும்பத்தோட போறோம், 7 வயசுப் பையன். சேர்வராயன் கோயில் மேட்டுப் பக்கம் மேல நின்னா அவ்வளவு அழகா இருக்கு, அங்க ராத்திரி தங்க எது எடுத்துட்டுப் போலாம்?

பதில்: அழகுல சந்தேகமே இல்ல, 1600 மீட்டருக்கு மேல, மலையோட உச்சி அதுதான். ஆனா மேல வெட்டவெளிங்க, மரமே இல்லாத எடத்துல ஹாமக் பேச்சே இல்ல, டென்ட் போட்டாலும் காத்து விடாது. ஏப்ரல் மே மாசம் சாயங்காலம் இடி மின்னலோட மழை எறங்கும், அந்த நேரம் மொட்டை மேட்டுல இருக்கறது உயிருக்கு ஆபத்து. பகல்ல பார்த்துட்டு எறங்கிடுங்க.

அனுமதி விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு இத சாதாரணமா நினைக்கறாங்க. காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நடக்கவே கூடாது, தங்கறது அதுக்கப்புறம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீல மலையேறப் போனவங்க எத்தன பேர் உயிர் போச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அதே வருஷம்தான் ட்ரெக்கிங்குக்குன்னு அரசு தனி விதி கொண்டுவந்துச்சு. 2024லேர்ந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு வனத்துறையே 40 பாதைய ஆன்லைன் புக்கிங்ல, உள்ளூர் வழிகாட்டியோட நடத்துது, காட்டுக்குள்ள நடக்கணும்னா அந்த வழில போங்க. ராத்திரிக்கு எஸ்டேட்டோ தோட்டமோ, உரிமையாளர் வாய்விட்டு சரின்னு சொன்ன எடம் மட்டும்.

பையனோட போறதால டென்ட்டுதான். ரெண்டு பேர் டென்ட்டுன்னு போட்டிருந்தா ரெண்டு மேட் ஒட்டிப் போடற அளவுதான் இருக்கும், உங்க மூணு பேருக்கு நாலு பேர் டென்ட் பாருங்க. உள்ள அடுப்பு மட்டும் வேணவே வேணாம், மழை கொட்டினாலும் சரி, கண்ணுக்கே தெரியாத விஷ வாயு ஆளை மயக்கிடும்.

கேள்வி: போன நவம்பர்ல மழையே இல்லாத ராத்திரி, காலைல பார்த்தா டென்ட்டுக்குள்ள சொட்டுது. ஓட்டையா?

பதில்: ஓட்டை இல்லைங்க, நீங்க விட்ட மூச்சுதான். மூடுபனி எறங்கிற ராத்திரி வெளித்துணி ஜில்லுனு ஆயிடும், உள்ள இருக்கற ஈரக் காத்து அதுல பட்டு வேர்த்து நிக்கும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடினா இன்னும் அதிகமாகும். எதிரெதிர்ல ரெண்டு பக்கமும் மேல கொஞ்சம் திறந்து விடுங்க, வெளித்துணி உள்துணியத் தொடாத அளவுக்கு இழுத்துக் கட்டுங்க, நனைஞ்ச சட்டைய உள்ள தொங்கவிடாதீங்க, ஓடை ஓரமும் பள்ளமும் வேணாம். அடில விரிக்கிற ஷீட் டென்ட்ட விட ஒரு விரக்கடை உள்ள இருக்கணும், வெளிய நீட்டிட்டு இருந்தா மழைத் தண்ணிய வாங்கி நேரா உங்க அடில கொண்டுவந்து விடும். வடகிழக்குப் பருவமழை நேரத்துல சரிவுல தண்ணி ஓடற எடத்துல ஹாமக் உண்மையிலேயே சுகம், தரை என்ன ஆனாலும் கவலை இல்ல.

கேள்வி: ஹாமக் வாங்கிட்டேன், டார்ப் வெலை கேட்டா தலை சுத்துது. கடைல கெடைக்கிற சாதாரண தார்ப்பாய் போதுமா?

பதில்: தாராளமா போதும், கொஞ்சம் கனம், காத்துக்குப் படபடன்னு சத்தம் போடும், அவ்வளவுதான். 10க்கு 10 அடி வாங்கி மூலைவாட்டா, அதாவது சாய்சதுரமாப் போடுங்க, மூலைக்கு மூலை 14 அடி வரும், 11 அடி ஹாமக்கோட ரெண்டு பக்கமும் ஒன்றரை அடியாவது மிச்சம் கெடைக்கும். ஓரத்து வளையம் சாதாரணத் தார்ப்பாய்ல சீக்கிரம் பிஞ்சிடும், கட்டுற நாலு மூலைக்கும் பட்டைத் துணி வெச்சு தெச்சுக்கங்க, டென்ட் சாமியானா தெக்கிறவங்க, பை தெக்கிறவங்க யாரு வேணா செஞ்சு தருவாங்க, தெச்ச எடத்துல தண்ணி எறங்காம சீம் சீலர்னு விக்கிற தையல் அடைக்கிற பசையத் தடவிடுங்க. மறக்காம இன்னொன்னு பண்ணுங்க. மழைல மரத்துலேர்ந்து வழியற தண்ணி ஹாமக் கட்டின பட்டை வழியாவே எறங்கி ஹாமக்குக்குள்ள வந்துடும், டார்ப் எவ்வளவு பெருசா இருந்தாலும் தடுக்காது. டார்ப்புக்கு அடில, ஹாமக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பட்டைல ரெண்டு பக்கமும் ஒரு பருத்திக் கயித்துத் துண்டை முடிச்சுப் போட்டுத் தொங்க விடுங்க, தண்ணி அதுல எறங்கித் தரைல சொட்டிடும்.