பிளேட் சான்றிதழோடு வந்த தம்பிக்கு

தம்பி, ஊரில் 3ஜி, 4ஜி பிளேட் டெஸ்ட் (தகட்டில் போடும் வெல்டிங் டெஸ்ட்) பாஸ் செய்துவிட்டு வந்தேன், இங்கே டெஸ்ட் தாளில் பிஎஃப், பிசி, எச்-எல்045 என்று போட்டிருக்கிறது, இது வேறு வெல்டிங்கா என்று கேட்டிருந்தாய். ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் நானும் இதே மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றேன். வெல்டிங் அதேதான். இவையெல்லாம் பொசிஷனின் பெயர்கள், அதாவது ஜாயின்ட் எந்த நிலையில் இருக்கும்போது போடுகிறாய் என்பது. நீ படித்தது அமெரிக்க முறைப் பெயர்கள், இங்கே புழங்குவது ஐஎஸ்ஓ 6947 என்ற சர்வதேசத் தரத்தின் பெயர்கள்.

பிளேட்டைப் பொறுத்தவரை சமதளத்தில் போடும் 1ஜிக்கு பிஏ, நிற்கிற தகட்டில் படுக்கைவாட்டில் போடும் 2ஜிக்கு பிசி, தலைக்கு மேலே போடும் 4ஜிக்கு பிஈ. செங்குத்தாகப் போடும் 3ஜிக்கு மட்டும் இரண்டு பெயர் உண்டு. கீழிருந்து மேலே ஏறினால் பிஎஃப், மேலிருந்து இறங்கினால் பிஜி. ஏறுவதில் பாஸ் ஆனவன் இறங்குவதையும் செய்யலாம் என்று இங்கே கணக்கில்லை, அதற்குத் தனி டெஸ்ட். பிபி, பிடி என்று கண்டால் அவை ஃபில்லட் ஜாயின்டுக்கானவை, அதாவது இரண்டு தகடு சேரும் மூலையில் போடுவதற்கு.

பைப்பில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்: பைப் நின்றால் ஜாயின்ட் படுக்கும், பைப் படுத்தால் ஜாயின்ட் நிற்கும். நிற்கிற பைப்பைச் சுற்றிப் போடுவது 2ஜி, அதாவது பிசி. படுத்த பைப்பை உருட்டிக்கொண்டே உச்சியில் போட்டால் 1ஜி. அதே பைப் அசையாமல் இருந்து, நீ சுற்றி வந்தால் 5ஜி. இங்கே அதில் ஏறுவது பிஎச், இறங்குவது பிஜே.

5ஜியில் ஒரே ஜாயின்டுக்குள் மூன்று பொசிஷன் வந்துவிடும். கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள். ஆறு மணி இடத்தில் தலைக்கு மேலே போடுகிறாய், மூன்று மணியில் செங்குத்து, பன்னிரண்டில் சமதளம். ராடின் கோணமும் உன் உடம்பும் கூடவே திரும்ப வேண்டும். ஆறு மணியில் உருகிய இரும்பு தன் எடையால் கீழே இழுபடும், அதனால் உள்ளே ரூட், அதாவது ஜாயின்டின் அடியில் போடும் முதல் அடுக்கு, குழிந்துபோகும். என் முதல் பைப் டெஸ்ட் போனது அங்கேதான். வெளியே கேப் என்கிற கடைசி மேல் அடுக்கு அழகாக இருந்தது, வெட்டிப் பார்த்தால் அடியில் ரூட் உள்வாங்கியிருந்தது. அந்த இடத்தில் ஆர்க்கைக் குறுக்கி, ராடை இடைவெளிக்குள் நன்றாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

எச்-எல்045 என்பதுதான் 6ஜி. பைப் 45 டிகிரி சாய்ந்து அசையாமல் இருக்கும், நீ ஏறிப் போட வேண்டும். இதில் உருகிய இரும்பு எப்போதும் கீழ் விளிம்புப் பக்கமே சரியும், மேல் விளிம்பில் அண்டர்கட், அதாவது ஓரத்தில் பள்ளம், விழும். நிரப்பும் பாஸ்களை, அதாவது வெல்ட் வரிகளை, கீழ் விளிம்பில் தொடங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு மேலே வா. அகலமாக வீசிப் போடாதே. இதில் தேறிவிட்டால் இறங்குமுகம் தவிர மற்ற எல்லா பட் ஜாயின்ட் (விளிம்போடு விளிம்பு சேர்ப்பது) பொசிஷனும் உனக்கு வந்துவிடும். அதனால்தான் சம்பளம் பேசும்போது முதலில் இதைக் கேட்கிறார்கள்.

இப்போது உன் பிளேட் சான்றிதழுக்கு வருவோம். வெல்டர் டெஸ்டுக்கான ஐஎஸ்ஓ 9606-1 கணக்குப்படி பிளேட்டில் தேறியவர், உருளாமல் அசையாதிருக்கும் பைப்பில் வெளிவிட்டம் 500 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால்தான் கைவைக்கலாம். உருட்டிப் போடும் பைப் என்றால் 75 மில்லிமீட்டரிலிருந்து செல்லும். பட்டறையில் உனக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் சின்னப் பைப், அதனால் பைப் டெஸ்ட் எழுதாமல் தப்ப முடியாது. பைப் அனுபவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேராக 6ஜிக்குப் போகாதே. உண்மையைச் சொல், பயிற்சிக்குத் துண்டுப் பைப் கேள், தயங்காமல் கேள். முதலில் பிசி, அப்புறம் பிஎச், இரண்டிலும் கை பழகிய பிறகு பைப்பைச் சாய்த்துக் கட்டி 6ஜி பழகு.

டெஸ்ட் பாஸ் ஆன பிறகு சான்றிதழின் பின்பக்கத்தைப் பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நீ அந்த முறையில் வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். அவர்களாகவே போடுவார்கள் என்று விட்டுவிடாமல் தேதியைக் குறித்துவைத்து நீயே கொண்டுபோய்க் கொடு.