லிப்போசோம் டாக்சோரூபிசின்: உள்ளங்கை சிவந்து உரிந்தால்

தம்பி, சினைப்பைப் புற்றுக்கு லிப்போசோம் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இரண்டாவது டோஸ் ஏற்றிய பிறகு காரைக்குடியில் உங்க ஆத்தாவுக்கு உள்ளங்கை சிவந்து உரியுதுன்னு கேட்டிருந்தீங்க. இது இந்த மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவு. சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள் மருந்து இருக்கு. கட்டியின் கசியும் ரத்தக்குழாய் வழியா உள்ளே இறங்கும். ஆனா ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று நாள் ஆவதால், சூடும் அழுத்தமும் படும் தோலிலும் சேர்ந்துடும்.

ஏற்றிய பிறகு ஒரு வாரம் வெந்நீர், அம்மி அரைப்பு, இறுக்கமான செருப்பு, வெயிலில் காய்ந்த வளவு முற்றத்தில் வெறுங்கால் நடை எதுவும் கூடாது. முக்கியமா இந்த முற்றம். வீட்டில் யாரும் நினைச்சுப் பார்க்க மாட்டாங்க. கிரீமைத் தேய்க்காம ஒற்றித் தடவுங்க. கொப்புளமோ வலியோ வந்தா, அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் காட்டிடுங்க. இரண்டு வாரம் வரை தள்ளிவைப்பது, அளவைக் குறைப்பது இரண்டும் வழக்கம்தான்.