எந்த விதி?

கேள்வி: ஜெர்மன் பாடகர் தாமஸ் குவாஸ்ட்ஹாஃப் பியானோ வாசிக்க முடியாதவர் என்று ஹனோவர் இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். பாவம்தான். ஆனாலும் விதி விதிதானே?

பதில்: இந்த ‘விதி’யோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தில் இருப்பதற்கும் தலையில் எழுதியதற்கும் நம் மொழியில் ஒரே பேர். அதனால்தான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ‘ரூல் இல்லை’ என்றதும், பிரம்மனே சொல்லிவிட்டதுபோல் இந்தப் பக்கம் நிற்பவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

குவாஸ்ட்ஹாஃபுக்கு நேர்ந்தது தலையெழுத்து இல்லை. 1959இல் ஹில்டஸ்ஹைமில் அவர் பிறப்பதற்கு முன், அம்மா ‘கான்டர்கன்’ என்ற மாத்திரை சாப்பிட்டிருந்தார். அதிலிருந்த மருந்து தாலிடோமைடு. தூக்கத்துக்கென்று டாக்டர் சீட்டுகூட இல்லாமல் விற்ற மாத்திரை. பிள்ளைக்குக் கைகள் தோளோடு நின்றுவிட்டன. உயரம் நாலரை அடியைத் தொடவில்லை.

அதே மாத்திரை அமெரிக்கக் கடைகளுக்குப் போகவில்லை. தடுத்ததும் ஒரு விதிதான்! மருந்துத் துறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்சஸ் கெல்சி என்ற டாக்டரம்மா, ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரம் போதாது என்று ஃபைலைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். கம்பெனி எவ்வளவு நெருக்கியும் கையெழுத்துப் போடவில்லை. அந்த விதியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அது வயிற்றிலிருந்த பிள்ளைகளைக் காத்தது. சரி, ஹனோவர் விதி யாரைக் காத்தது? மேடையில் பாடகருக்குப் பியானோ வாசிக்கவென்றே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறாரே!

அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன். சார்லட் லேமான் என்ற பாட்டு ஆசிரியையிடம் தனியாகப் பல வருடம் பாடம். நடுவில் சட்டப் படிப்பு, வானொலியில் அறிவிப்பாளர் வேலை. 1988இல் மியூனிக்கில் ஏஆர்டி என்ற ஜெர்மன் ஒலிபரப்பு அமைப்பு நடத்தும் இசைப் போட்டியில் முதல் பரிசு. பாட்டாலேயே நடக்கும் நாடகமான ஓபராவின் மேடைக்கு வர வெகுநாள் தயங்கினார். 2003இல் இசைக்குழு நடத்துநர் சைமன் ராட்டில் நடத்திய ‘ஃபிடேலியோ’ ஓபராவில், கைதிகளை விடுவிக்க வரும் அமைச்சராகத்தான் வந்தார். அடுத்த வருடம் வியன்னாவில் ‘பார்சிஃபால்’ ஓபரா. ஆறாத காயத்தோடு தவிக்கும் அரசர் ஆம்ஃபோர்டாஸ் வேடம். மூன்று கிராமி விருதுகள். 2012இல் உடல்நிலை கருதி இசைக் கச்சேரிகளை நிறுத்தினார். இவையெல்லாம் இருக்கட்டும், கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்ட மனிதர் டெட்மோல்டிலும் பெர்லினிலும் இசைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி.

இன்று ராத்திரி அவர் பாடிய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) 82ஆம் கான்டாட்டாவை, அதாவது வாத்தியங்களோடு பாடும் பக்திப் பாடல் தொகுப்பைக் கேளுங்கள். ‘உறங்குங்கள், களைத்த கண்களே’ என்று ஒரு தாலாட்டு வரும். பாஸ்-பாரிடோன் என்னும் அந்தக் கனத்த, தாழ்ந்த ஆண் குரலை, தூளியை ஆட்டும் கைபோல அவ்வளவு மெதுவாக்கியிருப்பார். நடுநடுவே இசை அப்படியே நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து அவர் மறுபடி எப்படி எடுக்கிறார் என்று கவனியுங்கள்.