1729-ஐ 12-ல எழுதினா என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம் சார், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவுல ராமானுஜன் வீட்ட பாக்க போயிருந்தோம். அங்க வந்த காலேஜ் பசங்க 1729-ஐ 12 அடிமானத்துல எழுதினா 1001னு வரும்னு பேசிக்கிட்டாங்க. அது எப்படி? அடிமானத்த மாத்தினா எண்ணோட குணமும் மாறிடுமா? எந்த எண்ணையும் இப்படி முன்னாடி படிச்சாலும் பின்னாடி படிச்சாலும் ஒரே மாதிரி கொண்டுவர முடியுமா?
– ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: நீங்க வலங்கைமான்காரர், நெல்லுக் கணக்குலயே சொல்லிடறேன். 12 மரக்கால் ஒரு கலம், அது நம்ம ஊர் பழைய கணக்கு. அதுக்கு மேல 12 கலம் ஒரு அம்பாரம், 12 அம்பாரம் ஒரு களஞ்சியம்னு நாமளா வச்சுப்போம். இப்ப ஒருத்தர்கிட்ட 1729 மரக்கால் நெல் இருக்குன்னா, 1728 மரக்கால்ல சரியா ஒரு களஞ்சியம் நிரம்பிடும், அம்பாரமும் கலமும் மிச்சமில்ல, கையில ஒரே ஒரு மரக்கால் நிக்கும், அத வரிசையா எழுதுங்க, 1001. அவ்ளோதான் 12 அடிமானம்.

ராமானுஜன் இங்கிலாந்து கணித மேதை ஹார்டிகிட்ட சொன்னது இதேதான், 12-ஓட கனமும் (12×12×12) 1-ஓட கனமும் கூட்டினா 1729, 10-ஓட கனமும் 9-ஓட கனமும் கூட்டினாலும் 1729. அந்த முதல் பாதிய 1001 நேரா காட்டிடுது, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

குணம் மாறுமான்னா, சிலது மாறும் சிலது மாறவே மாறாது. பத்துல 1+7+2+9 கூட்டினா 19, 1729 அந்த 19-ஆல மீதி இல்லாம வகுபடும், 19 பெருக்கல் 91. எவ்ளோ அழகு பாருங்க, 19-ஐ திருப்பிப் போட்டா 91! ஆனா 12 அடிமானத்துல இலக்கங்கள கூட்டினா வெறும் 2 தான், 1729 ஒற்றைப்படை, வகுபடாது, அழகு போச்சு. அது எழுதுற முறையோட குணம். 7, 13, 19 பெருக்கினா 1729ங்கறத மட்டும் எந்த அடிமானமும் தொட முடியாது. இன்னொன்னு, எந்த அடிமானத்துல 1001னு எழுதினாலும் அது அதே அடிமானத்தோட 11-ஆல வகுபடும். பத்துல 1001ங்கறது 11 பெருக்கல் 91. பன்னிரெண்டுல 11னு எழுதினா அதோட மதிப்பு 13, 1729-ம் 13 பெருக்கல் 133, போட்டுப் பாருங்க.

அடிமானம் மைனஸாகூட இருக்கலாம். மைனஸ் 10-ல இடமதிப்பு வலதுலேர்ந்து 1, மைனஸ் 10, 100னு மாறி மாறி வரும், அதனால 195னு எழுதினா 100-ல 90 போய் 5 கூடி 15. இதுல கழித்தல் குறியே இல்லாம எல்லா மைனஸ் எண்ணையும் எழுதிடலாம், பசங்களுக்கு ஸ்கூல்ல இத ஒரு நாளாவது காட்டணும்.

கடைசி கேள்விக்கு, முடியும், ஆனா சும்மா முடியும். 2-க்கு மேல எந்த எண்ணையும் அதவிட ஒண்ணு கம்மியான அடிமானத்துல எழுதினா 11னு வந்துடும், 1729-ஐ 1728-ல எழுதினா 11. அத கணக்குல சேக்காம, சின்ன அடிமானத்துல வருதான்னு பாக்கறதுதான் சுவாரசியம். 1729-க்கு 12-ல வருது, 36-லயும் 1, 12, 1னு மூணு இலக்கமா வருது. ஆனா சில எண்கள் மசியவே மசியாது. 19-ஐ எடுத்துக்கங்க, 2-ல 10011, 3-ல 201, 4-ல 103, 5-ல 34, இப்படியே 17 வரைக்கும் போனாலும் ஒண்ணுலகூட வராது.