மறு: 50 மெகா இலத்திரன் வோல்ற்று போட்டும் எக்ஸ்கதிர் வரவில்லையே?

தம்பி, 1.2 இலத்திரன் வோல்ற்று (சக்தியின் சிறு அலகு) லேசர் ஒளி 50 மெகா, அதாவது 5 கோடி, இலத்திரன் வோல்ற்று சக்தியுள்ள இலத்திரனோடு நேருக்கு நேர் மோதித் தெறித்தால் ஒளியின் சக்தி வெறும் 235 இலத்திரன் வோல்ற்றுத்தான் வருகிறது, எக்ஸ்கதிர் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். காமா (இலத்திரனின் மொத்தச் சக்தி அதன் ஓய்வுச் சக்தியைப்போல் எத்தனை மடங்கு என்பது) 98, அது சரி. டொப்ளரை (நகர்வதால் அலையின் அதிர்வெண் மாறுவதை) ஒருதரம்தான் போட்டிருக்கிறீர்கள், அதுதான் பிழை.

ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டினதும் பற்றைக்குப் பின்னால் பொலிஸ்காரர் வேகம் பார்க்கிற கருவியோடு நிற்பாரே (நானும் தண்டம் கட்டினவன்தான்), அந்த அலை மோட்டார் சைக்கிளில் படும்போது ஒருதரம் மாறும், தெறித்துத் திரும்பும்போது இன்னொருதரம் மாறும். இங்கேயும் அதே கதை. இலத்திரனுக்கு லேசரின் சக்தி 2 காமா மடங்காகத் தெரியும், அது சிதறடிப்பது எங்களுக்கு மறுபடி 2 காமா மடங்கு. ஆக, 4 தர காமா வர்க்கம். அதை 1.2 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 46,000 இலத்திரன் வோல்ற்று வரும், அது எக்ஸ்கதிர்தான், கை எலும்பைப் படம் எடுக்கப் போதும்.

ஆனால் அது இலத்திரன் போகும் திசையில் நேர் முன்னால் மட்டும். 0.6 பாகை விலகினாலே பாதியாகிவிடும்.

இந்தக் கருவி மேசையில் அடங்குமா என்றால், இலத்திரனை முடுக்குகிற பகுதி அடங்கும். 1979 இல் பௌதிகவியலாளர்கள் தஜிமாவும் டோசனும் சொன்னபடி, லேசர் கிளப்பும் பிளாஸ்மா (இலத்திரன்கள் பிரிந்த வாயு) அலை சில மில்லிமீற்றர் வாயுத் தாரைக்குள்ளேயே இலத்திரனுக்கு அந்த 50 மெகா இலத்திரன் வோல்ற்றை ஏற்றிவிடும். லேசருக்கும் கவசச் சுவருக்கும் மட்டும் ஒரு அறை வேண்டும்.