இரண்டு கொங்கா வைத்திருக்கிறேன், எந்தச் சுருதியில் வைத்துப் பார்க்கலாம்?

கொங்கா என்பது கையால் தட்டி வாசிக்கும் உயரமான கியூபத் தோல் வாத்தியம், அதில் பெரியதற்கு டும்பா என்று பெயர். முதலில் டும்பாவை மேற்கத்திய ஸ்வரமான ஜி-யிலும் அடுத்த கொங்காவை சி-யிலும் வையுங்கள். கர்நாடக சங்கீதம் பழகியவர் என்றால் மந்தர ப, அப்புறம் ச, அவ்வளவுதான். சல்சா என்ற லத்தீன் நடன இசையில் அதிகம் கேட்கும் இடைவெளி இது. பின்னால் கிண்டோ என்ற சிறிய கொங்காவும் வாங்கினால் அதை இ-யில், அதாவது அந்தர காந்தாரத்தில் வைத்துப் பாருங்கள், மூன்றும் சேர்ந்து ஒரு மேஜர் கார்டாகவே (ச, அந்தர காந்தாரம், ப சேர்ந்த ஒலியாகவே) ஒலிக்கும்.

இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கியூபாவைச் சேர்ந்த கொங்கா கலைஞர்கள் பட்டாட்டோ வால்டெஸ், காண்டிடோ கமேரோ இருவரும் கொங்காக்களைக் குறிப்பிட்ட ஸ்வரங்களுக்குச் சேர்த்து மெட்டையே வாசித்தவர்கள். தோலை ஆணியடித்து, நெருப்பில் காட்டிச் சூடேற்றித்தான் அந்தக் காலத்தில் சுருதி கூட்டுவார்கள். உங்கள் கொங்காவில் தோலை இறுக்க நட்டு இருக்கிறது, தைரியமாக மாற்றிப் பாருங்கள். இடைவெளியைக் குறைத்து ச-வும் ரி-யுமாக வைத்தால் இரண்டும் பேசிக்கொள்வது போல இருக்கும், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஸ்பேனரை ஒரு நட்டுக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், வட்டமாக எல்லா நட்டையும் ஒரே அளவு திருப்பி, ஒவ்வொரு நட்டுக்கும் பக்கத்தில் விரலால் தட்டிக் கேளுங்கள். ஓரத்தில் அடிக்கும் திறந்த அடி 'டூம்' என்று சுத்தமாக நின்றால் சரி, ஒலி அலைந்தால் எங்கோ ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது. மாட்டுத்தோல் என்றால் வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள்.