சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுத மருத்துவர் ஏன் தயங்குகிறார்?

சளி, தொண்டை வலியோடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் உண்டாவது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் ஆன்டிபயாட்டிக்கால் அங்கே பயனில்லை. இது எல்லா மருத்துவருக்கும் தெரியும். பாக்டீரியாதானா என்று உறுதிசெய்ய, தொண்டைச் சளி போன்ற மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கோ இரண்டு மூன்று நாள் ஆகும். எதிரே அமர்ந்திருப்பவர் நாளைக்கே வேலைக்குப் போக வேண்டியவர், எழுதித் தராவிட்டால் நேரே மருந்துக் கடைக்குப் போய் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை மூன்றை வாங்கிக்கொள்வார். விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கென இந்தியாவில் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் உள்ளவற்றை விற்றால், கடைக்காரர் மருத்துவர், நோயாளி பெயர்களைப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்த முதல் பட்டியலில் அசித்ரோமைசின் இல்லை (மருத்துவர் சீட்டு அதற்கும் கட்டாயம்தான், யார் கேட்கிறார்கள்?). இத்தனைக்கும் நடுவில், பயனில்லாத ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்க்கத்தான் மருத்துவர் “இரண்டு நாள் பார்ப்போம்” என்கிறார், அது அலட்சியமன்று. மூச்சுத் திணறல் வந்தாலோ, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ அந்த இரண்டு நாளும் காத்திராமல் உடனே திரும்பிச் செல்லுங்கள்.